32 அங்குல டிவிக்கு எந்த வயர்: மஞ்சள் பின்னா, மூன்று வண்ணமா, விஜிஏவா, எச்டிஎம்ஐயா?

சித்தப்பா வீட்டில் பொங்கலுக்கு 32 அங்குல டிவி வாங்கினார்கள். டிஷ்காரரைக் கூப்பிட்டு எச்டி பாக்ஸும் போட்டாயிற்று, மாதக் கட்டணமும் கூடியாயிற்று. இரண்டு மாதம் கழித்து நான் போனபோது, "எச்டி எச்டின்னாங்க, பழைய டிவியே இதைவிடப் பளிச்சுன்னு இருந்துச்சுடா" என்றார். டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பழைய டிவியில் செருகியிருந்த அதே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர். பாக்ஸோடு வந்த எச்டிஎம்ஐ வயர், கட்டிய கட்டு பிரியாமல் டிவி ஸ்டாண்டு டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இது நல்லாத்தானே வேலை செய்யுது, அதை எதுக்குப் பிரிக்கணும்?"

சித்தப்பா சொன்னதில் பாதி சரி. பழைய டிவி பளிச்சென்று இருந்தது என்பது பிரமை இல்லை, அதற்குக் கணக்கே இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எந்த டிவிக்கு எந்த வயர் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்று பின்னில் சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு, படம் மஞ்சளில் மட்டும்தான். அதில் வருவது 'பால்' (PAL) என்ற பழைய டிவி முறைப் படம். மொத்தம் 625 கோடுகள், அதில் கண்ணுக்குத் தெரிவது 576. ஒரு கோட்டை வரைய ஏறத்தாழ 52 மைக்ரோ விநாடி. சிக்னலின் அகலம் 5 மெகாஹெர்ட்ஸ், அதாவது மைக்ரோ விநாடிக்கு 5 அலை; ஓர் அலையின் மேடும் பள்ளமும் இரண்டு புள்ளி. இந்த இரண்டையும் பெருக்கி இரட்டித்தால், ஒரு கோட்டில் அதிகபட்சம் 520 புள்ளி அளவுக்குத்தான் விவரம் வரமுடியும். அவருடைய பழைய 21 அங்குலப் பெட்டியின் படம் 40 சென்டிமீட்டர் சொச்சம் அகலம். 520ஆல் வகுத்தால் ஒரு புள்ளி முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நல்ல பார்வை உள்ளவருக்கு ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது, படம் கூர்மையாக இருக்கும். புது டிவியின் அகலம் 71 சென்டிமீட்டர். அதே 520 புள்ளியை இழுத்துப் பரப்பினால் ஒவ்வொன்றும் 1.4 மில்லிமீட்டர். சோபா அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த மங்கலை மறைக்க வேண்டுமென்றால் சோபாவைப் பதினாறு அடிக்குத் தள்ள வேண்டும், அதாவது அடுத்த வீட்டுக்கு.

இன்னொரு குறை, மஞ்சள் பின் ஒரே கம்பியில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சேர்த்து அனுப்புகிறது. நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸில், வெளிச்ச விவரங்களின் தலைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். டிவி அதைப் பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் குழம்பும். கட்டம் போட்ட சட்டை போட்டவர் செய்தி வாசித்தால் சட்டையில் வானவில் ஓடுவது அதனால்தான். கீழே ஓடும் சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதும் அதனால்தான்.

எச்டிஎம்ஐயில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. செயற்கைக்கோளிலிருந்து எண்களாக வந்த படம் பாக்ஸில் விரிந்து, எண்களாகவே டிவிக்குள் போகிறது. மஞ்சள் பின்னில் அதே எண்களைப் பாக்ஸ் அலையாக மாற்றி அனுப்ப, டிவி திரும்பவும் எண்களாக மாற்றுகிறது. எச்டி ரெடி டிவியின் பேனல் பெரும்பாலும் 1366 × 768, அதாவது பத்தரை லட்சம் புள்ளிகள். 71 சென்டிமீட்டரில் 1366 புள்ளி என்றால் ஒன்று அரை மில்லிமீட்டர். ஆறடி தள்ளி உட்கார்ந்தாலே அது கண்ணுக்கு அகப்படாது. வயரை மாற்றிச் செருகினோம். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஸ்கோர் பட்டையில் ஓவர் எண்ணிக்கையைச் சித்தப்பா கண்ணாடி போடாமல் படித்தார். அதற்கு மேல் அவரிடம் வாதம் தேவைப்படவில்லை.

இதே கணக்கை 24 அங்குலத்துக்குப் போட்டால் மஞ்சள் பின்னின் புள்ளி ஒரு மில்லிமீட்டர்தான் வருகிறது. அடுக்களை மூலையில் மாட்டிவிட்டுப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று தோசை வார்த்தபடி சீரியல் பார்ப்பவருக்கு, கூர்மையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வானவில்லும் எறும்பும் மட்டும் இருக்கும். எனவே எச்டி அல்லாத சாதாரண எஸ்டி பாக்ஸ், சின்ன டிவி, தூரப் பார்வை என்றால் மஞ்சள் பின்னோடு காலம் தள்ளுவதில் தப்பில்லை.

இடையில் ஒரு வயர் உண்டு: பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின், காம்பொனென்ட் என்பார்கள். வெளிச்சம் பச்சையில் தனியாகவும், நிற வேறுபாடுகள் மற்ற இரண்டிலும் போகும். ஆகவே எறும்பும் இல்லை, வானவில்லும் இல்லை. 1080ஐ (1080i, அதாவது 1080 கோட்டைப் பாதி பாதியாக வரையும் எச்டி படம்) வரை தாங்கும். தரத்தில் எச்டிஎம்ஐக்கு மிக அருகில் வரும், சின்னத் திரையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் புதுப் பாக்ஸ்களில் அந்தப் பின்கள் போய்விட்டன. பழைய டிவிடி பிளேயரோ பழைய கேம் பெட்டியோ வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பேச்சு. தனியாகக் காசு கொடுத்துத் தேட வேண்டாம். நல்ல மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரையே மூன்று ஓட்டையிலும் செருகலாம், நிறம் பிளாஸ்டிக்கில்தான், உள்ளே கம்பி ஒன்றுதான். சில டிவிகளில் பச்சை ஓட்டையும் மஞ்சள் ஓட்டையும் ஒன்றே. அதில் மஞ்சளைச் செருகிவிட்டு மெனுவில் காம்பொனென்ட் என்று வைத்தால் படம் கறுப்பு-வெள்ளையில் வரும். டிவி கெட்டுப்போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், மெனுவில் ஏவி (மஞ்சள் பின்னுக்கான பெயர்) என்று மாற்றினால் போதும்.

அப்புறம் விஜிஏ. 1987இல் வந்த பதினைந்து பின் நீலச் செருகி. இதையெல்லாம் இன்னுமா பேசுவது என்று கேட்பீர்கள். லேப்டாப்பை 1366 பேனல் டிவியில் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில சமயம் எச்டிஎம்ஐயைவிட விஜிஏவில் எழுத்து நன்றாக இருக்கும். காரணம் வயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. எச்டிஎம்ஐ செருகியதும் டிவி, 'எனக்கு 1280 × 720 தெரியும், 1920 × 1080 தெரியும்' என்று லேப்டாப்பிடம் அறிமுகம் செய்துகொள்கிறது. பல டிவிகள் தன் சொந்த 1366ஐப் பற்றி மூச்சே விடுவதில்லை. லேப்டாப் 1920 அனுப்புகிறது, டிவி அதை 1366க்குள் நசுக்குகிறது. 1.4 புள்ளிக்கு ஒரு புள்ளி. சினிமாவில் தெரியாது. பத்துப் புள்ளி உயர எழுத்தில் கண்டிப்பாகத் தெரியும். போதாததற்கு நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் டிவிகளுக்கு உண்டு, கீழேயுள்ள டாஸ்க்பார் பாதி காணாமல் போகும். விஜிஏவிலோ லேப்டாப் 1360 × 768 என்று அனுப்பும். 1366 எட்டால் வகுபடாது, அதனால் ஆறு புள்ளியை விட்டுவிட்டு 1360. புள்ளிக்குப் புள்ளி உட்கார்ந்துவிடும்.

அதற்காக விஜிஏ வாங்கச் சொல்லவில்லை. ஒலி அதில் வராது, தனியாக 3.5 மிமீ வயர் இழுக்க வேண்டும். புது லேப்டாப்பிலும் அந்த ஓட்டை இல்லை, புது டிவியிலும் குறைந்துவிட்டது. எச்டிஎம்ஐயிலேயே சரிசெய்யப் பாருங்கள். டிவி மெனுவில் படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வையுங்கள், ஓர வெட்டு நிற்கும். அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றும் வசதி சில டிவிகளில் உண்டு. வெறும் பெயர் மாற்றம் போலத் தெரியும், ஆனால் நிற விவரத்தைக் குறைக்காமல் முழுதாகக் காட்ட ஆரம்பிக்கும், சிவப்பு எழுத்துகளின் ஓரம் தெளியும். லேப்டாப் பட்டியலில் 1360 × 768 இருந்தால் அதையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இவ்வளவு செய்தும் எழுத்து மங்கல் என்றால், விஜிஏ ஓட்டை இரண்டு பக்கமும் இருக்கும் பட்சத்தில், பழைய வயரைத் தேடி எடுங்கள்.

சரி, எச்டிஎம்ஐ என்று முடிவாயிற்று. எந்த எச்டிஎம்ஐ? கடையில் இருநூறு ரூபாய் வயரும் தொங்குகிறது, துணி பின்னிய, தங்க முலாம் போட்ட, இரண்டாயிரம் ரூபாய் வயரும் தொங்குகிறது. "கலர் நல்லா வரும் சார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வராது. வரவும் முடியாது. உள்ளே போவது ஒன்றும் பூஜ்யமும். சரியாகப் போய்ச் சேர்ந்தால் இருநூறு ரூபாய் வயரிலும் அதே சிவப்புதான். சரியாகச் சேராவிட்டால் திரையில் மின்மினி போல வெள்ளைப் புள்ளிகள் பறக்கும், அல்லது படம் அடிக்கடி கறுத்துத் திரும்பும். கொஞ்சம் வெளிறிய படம், கொஞ்சம் மங்கிய படம் என்பதெல்லாம் மஞ்சள் பின் காலத்துக் குணங்கள்.

720பி (720p, கோடுகளைப் பாதி பாதியாக இல்லாமல் முழுதாக வரைவது) படத்துக்கு விநாடிக்கு 2.2 ஜிகாபிட் வேண்டும். 1080பி என்றால் 4.5 ஜிகாபிட் அளவு. 'ஹை ஸ்பீடு' என்று அச்சிட்ட வயர் 10.2 ஜிகாபிட் தாங்க வேண்டும், 2006இல் வந்த 1.3 பதிப்பிலிருந்தே அந்தத் திறன் இருக்கிறது. 48 ஜிகாபிட் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' வயரைச் சின்ன எச்டி டிவிக்கு வாங்குவது, பால் வாங்கத் தண்ணி லாரியை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. தங்க முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவே. இருநூறு ரூபாய் வயரிலேயே அது இருக்கும்.

சொல்லப்போனால் சின்ன டிவிக்கு விலை கூடிய தடி வயர் கெடுதல்கூட. விஜிஏவில் இரண்டு பக்கமும் திருகி இறுக்கலாம். எச்டிஎம்ஐயில் திருகு கிடையாது, வெறும் பிடிமானம்தான். சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் இரண்டு விரல் இடம்தான் இருக்கும். தடி வயர் அங்கே வளையாமல் போர்ட்டை நெம்பும், எடையும் சேர்ந்து கீழே இழுக்கும். ஒன்றரை மீட்டர், மெல்லிய வயர், தேவையானால் எல் வடிவ முனை. நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டும்போதுதான் தடிமனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மஞ்சள்-சிவப்பு-வெள்ளை மூன்று பின், நடுவில் வெறும் கம்பி. புதுப் பெட்டியைப் பழைய டிவியில் மாட்ட இதைவிட வசதி ஏது என்று வாங்கி வந்தேன். ஒன்றும் வரவில்லை. எண்ணை அலையாக மாற்ற ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குக் கரண்ட் வேண்டும். வெறும் கம்பி என்ன செய்யும்? தீப்பெட்டி அளவு டப்பாவும் யுஎஸ்பி வயரும் உள்ளதுதான் உண்மையான கன்வெர்ட்டர். அதிலும் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்குப் போவது வேறு, ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு வருவது வேறு. ஒருவழிப் பாதை. டப்பா மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது வரும் சின்ன டிவிகளில் மூன்று ஓட்டைக்குப் பதில் ஏவி என்று ஒரே ஒரு 3.5 மிமீ ஓட்டை வைத்திருக்கிறார்கள். அதற்கான குட்டி வயர் டிவி அட்டைப்பெட்டியில்தான் வரும், அதைத் தொலைக்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் செருகியின் நாலு வளையத்தில் எது படம், எது ஒலி, எது எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு டிவியின் வயரைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று வந்தால், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

எச்டிஎம்ஐ செருகிய கையோடு பாக்ஸ் மெனுவுக்குப் போவதுதான் பலரும் மறக்கும் வேலை. வீடியோ அவுட்புட் 576 என்றே கிடந்தால் புது வயர் போட்டும் பாதிப் பலன்தான். நம் எச்டி சானல்கள் பெரும்பாலும் 1080ஐயில் வருகின்றன. முதலில் 1080ஐ வைத்துப் பாருங்கள். மேட்ச்சில் பந்து ஓடும்போது கோடு கோடாகப் பிசிறடித்தால் 720பிக்கு மாற்றுங்கள். டிவியைப் பொறுத்து இரண்டில் ஒன்று நன்றாக இருக்கும். சித்தப்பா வீட்டில் 1080ஐ.

செருகும்போதும் பிடுங்கும்போதும் டிவி, பாக்ஸ் இரண்டின் சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிடுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டி எச்டிஎம்ஐ போர்ட் போனது உண்டு. மழைக் காலத்தில் இடி வரும் போலிருந்தால், இடிக்கத் தொடங்கும் முன்பே டிஷ்ஷிலிருந்து வரும் வயரைப் பாக்ஸின் பின்னாலிருந்து கழற்றிவிடுங்கள். ஓடும்போதே செருகினால் போர்ட் போகும் பயம் மஞ்சள் பின்னுக்குக் குறைவு, முரட்டு ஜென்மம் அது.

கழற்றிய மஞ்சள் வயரைச் சித்தப்பா நாலாக மடித்து ரப்பர் பேண்டு போட்டு அதே டிராயரில் வைத்தார். "எதுக்காவது ஆகும்." ஆயிற்று. அடுத்த வாரமே சித்தி தங்கள் கல்யாண சிடியைப் பார்க்க வேண்டும் என்று பழைய பிளேயரைப் பரணிலிருந்து இறக்கினாராம். விசிடியில் இருப்பதே 352 × 288 புள்ளிதான், அதற்கு மஞ்சள் பின் தாராளம். தாலி கட்டும் இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது என்று போனில் சொன்னார். அது சிடியில் விழுந்த கீறல், அதற்கு என்னிடம் வயர் இல்லை.