வெள்ளவத்தை மாடிவீடா, ஹெந்தளைக் காணிவீடா?

2025 பெப்ரவரியில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பழைய தொடர்மாடியில் இரண்டு அறை வீடு வாங்கினோம். அதற்கு முன் மூன்று வருடம் வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் வாடகைக்கு இருந்தோம். அதே வீதியில் 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியோடு ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. கடைசி வாரம் வரை அதுவா இதுவா என்றுதான் இருந்தோம். விலை ஏறக்குறைய ஒன்று. மாடிவீடு 2 கோடி 40 லட்சம், காணிவீடு 2 கோடி 35 லட்சம். இரண்டு சம்பளம், ஒரு பிள்ளை, கொஞ்சச் சேமிப்பு என்று இதே கேள்வியோடு இருக்கிற பல குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மாடிவீட்டின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடிக்கலாம். ஹெந்தளையில் மூன்று அறை, முற்றம், ஒரு கறிவேப்பிலை மரம். காரை நிறுத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் 860 சதுர அடி, அவ்வளவுதான். ஆனால் ரயில் நிலையம் எட்டு நிமிட நடை, காலி வீதிக்கு வந்தால் 100, 101 பஸ், மகள் சைவ மங்கையர் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். ஹெந்தளையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வர எனக்கு நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. புதிய களனிப் பாலத்தில் ஏறிவிட்டால் பிரச்சினையில்லை. அதற்கு முன் நீர்கொழும்பு வீதியில் நிற்கிற நேரம்தான் நேரம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இருவருக்கும் கைக்கு வருவது மாதம் 3 லட்சத்து 90 ஆயிரம். கோப்பாயில் அண்ணாவோடு பங்காக இருந்த என் சீதனக் காணியை விற்றோம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பங்குக்காரருக்கு முதலில் அறிவித்தல் கொடுத்து, கணவரின் சம்மதமும் வாங்கி முடிக்க நாலு மாதம் போனது. இருவரும் 10 வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்ததால் ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை வீட்டுக்கென்று முன்கூட்டியே எடுக்க முடிந்தது. இவற்றோடு சேமிப்பும் சேர்ந்து பாதி வந்தது. மற்றப் பாதி, 1 கோடி 20 லட்சம், வங்கிக் கடன். 20 வருடம், முதல் 5 வருடத்துக்கு 11.5 சதவீதம் நிலையான வட்டி. தவணை மாதம் சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம். உறுதி எழுதும்போது முத்திரை வரி வேறு: முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். எங்களுக்கு அது 9 லட்சத்து 59 ஆயிரம். நொத்தாரிசின் கட்டணம் தனி. இந்தப் பத்துப் பன்னிரண்டு லட்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் வீடு பார்க்கத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர்.

5 வருடம் முடிந்த பிறகு வட்டி சந்தை வீதத்தோடு ஏறி இறங்கும். 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி தன் கடன் வழங்கல் வீதத்தை ஒரே நாளில் 7.5 இலிருந்து 14.5 சதவீதத்துக்கு உயர்த்தியது; அந்த வருடக் கடைசியில் வங்கிகளின் கடன் வட்டி 25 சதவீதத்தையும் தாண்டியது. 5 வருடம் முடியும்போது மிச்சமிருக்கிற எங்கள் கடனுக்கு 24 சதவீதம் வந்தால் தவணை சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம். கணவர் இதை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று தெளிவானது. கடன் தவணை எங்கள் கையில் இல்லை. அப்படியென்றால் வீட்டுக்கு வேறு என்ன செலவு வரும், எப்போது வரும் என்பதாவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விலையில் 5 லட்சம் கூடக் குறைய இருப்பதை விட இது எங்களுக்குப் பெரிது.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "காணி எண்டால் காணிதான் பிள்ளை. மாடியில நாலு சுவரை வாங்கிப்போட்டு மாசாமாசம் ஆருக்கோ காசு கட்டப்போறியளோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நாங்கள் ஆறு தொடர்மாடிகள் ஏறி இறங்கினோம்.

முதலில் பிடித்தது கடல் பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்த வீடு. வெளிச்சம், காற்று, நல்ல சமையலறை. ஆட்கள் எட்டு வருடமாகக் குடியிருக்கிறார்கள். உறுதியைக் கேட்டோம், விற்பனை ஒப்பந்தத்தைத்தான் காட்டினார்கள். அனுமதித்ததை விட ஒரு மாடி கூடக் கட்டியதால் மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அது இல்லாமல் தொடர்மாடி வரைபடத்தைக் காணிப் பதிவுக் கந்தோரில் பதிய முடியாது. வரைபடம் பதியாமல் தனித்தனி உறுதி இல்லை, உறுதி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. காசோடு வருகிறவர் வாங்கலாம், எங்களைப் போன்றவர்கள் வாங்க முடியாது. அதை விட மோசம், பிறகு விற்கப் போனாலும் கடன் எடுத்து வாங்குகிற ஒருவரும் வரமாட்டார். விலை 30 லட்சம் குறைவாக இருந்ததன் காரணம் அதுதான்.

தெஹிவளைப் பக்கம் புதிதாக எழும்புகிற உயர்மாடி ஒன்றையும் பார்த்தோம். நீச்சல் தடாகம், உடற்பயிற்சி அறை எல்லாம் உண்டு. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 24 ரூபாய் என்றார்கள். 950 சதுர அடிக்கு மாதம் 22,800. நீந்தத் தெரியாத குடும்பத்துக்கு அது தேவையில்லை என்று அதோடு விட்டுவிட்டோம்.

மிச்சமிருந்தது இரண்டு பழைய தொடர்மாடிகள், ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில். முதலாவதில் 20 வீடுகள், மாதக் கட்டணம் 5,000. எங்களுக்குக் காட்டிய வீட்டின் விலை 2 கோடி 15 லட்சம். லிப்ட் கதவில் "பழுது" என்று எழுதி ஒட்டிய தாள் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. படியில் ஏறினோம். நாலாம் மாடியில் ஒரு அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் போய் வருகிறாராம், பதினொரு மாதமாக இப்படித்தான் ஏறுகிறாராம். பணம் சேர்த்துவைத்த நிதி என்று எதுவுமில்லை. ஏழு வீட்டுக்காரர் கட்டணமே கட்டுவதில்லை, அவர்களில் நாலு பேர் வெளிநாட்டில்.

இரண்டாவது, இப்போது நாங்கள் இருப்பது. 1998 இல் கட்டியது, ஐந்து மாடி, 14 வீடு, ஒரு லிப்ட். மாதக் கட்டணம் 12,000. கேட்டவுடன் எனக்கு அதிகமாகத்தான் பட்டது. பொருளாளர் தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். கணக்கைப் பார்க்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். உள்ளே போய் நாலு சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் கணக்கு வேலை செய்கிறவள். ஒரு மணித்தியாலம் அதில் இருந்தேன்.

2022 ஓகஸ்ட் பக்கத்தைப் பார்த்தால் பொது மின்சாரக் கட்டணம் எகிறியிருக்கிறது. நாட்டில் சராசரியாக 75 சதவீதம் மின்கட்டணம் கூடிய மாதம் அது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். அதுவும் அடுத்த மாதப் பக்கத்தில் தெரிகிறது. அதன் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவால் ஒரு குறிப்பு: கூட்டம் கூடி, மாடிப்படி விளக்குகளை மாற்றி, தண்ணீர் மோட்டர் ஓடும் நேரத்தைக் குறைத்து, கட்டணத்தை 2,000 ரூபாய் கூட்டத் தீர்மானித்தது. யார் எந்த மாதம் கட்டவில்லை, எப்போது நிலுவையைத் தீர்த்தார் என்பதும் இருந்தது. பின்பக்கத்தில் தனியாக மூழ்கு நிதிக் கணக்கு, அதாவது பெரிய திருத்த வேலைகளுக்கென்று சேர்த்துவைக்கிற காசு. 2009 இல் வீட்டுக்கு 500 ரூபாயில் தொடங்கி, நிலையான வைப்பில் போட்டு, வட்டியோடு வளர்த்திருந்தார்கள்.

2024 இல் லிப்டை மாற்றியிருந்தார்கள். செலவு 64 லட்சம். அதில் 41 லட்சம் நிதியிலிருந்து வந்தது. மீதி 23 லட்சத்தை 14 வீட்டாரும் பிரித்துக் கட்டினார்கள், வீட்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 64 ஆயிரம், ஆறு மாதத் தவணையில். அதன் பிறகு நிதிக்கென்று மாதம் 3,000 ஒதுக்குகிறார்கள். அந்த 12,000 க்குள் அதுவும் அடக்கம்.

"பிள்ளை, லிப்ட் வேலை செய்யுதோ எண்டு எல்லாரும் பாக்கினம்," என்றார் அங்கிள். "அது நிண்டால் திருத்தக் காசு எங்க இருக்கெண்டு நீங்கள்தான் முதல் கேட்டிருக்கிறியள்."

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், தொடர்மாடியில் வீடு வாங்கும்போது அங்கிருக்கிற மற்றவர்களின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். சட்டப்படி எல்லா உரிமையாளரும் கட்டடத்தை நடத்துகிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர். கூரை, லிப்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் எல்லோருடையதும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். முதல் கட்டடத்தில் 25 லட்சம் மலிவாக வாங்கியிருந்தால் லிப்டுக்கே பல லட்சம் உடனே வைக்க வேண்டியிருந்திருக்கும். வைக்க நாங்கள் தயாராக இருந்தாலும் மற்ற 19 வீட்டையும் சம்மதிக்க வைக்க வேண்டும்.

சரி, ஹெந்தளை வீட்டுக்குக் கட்டணமே இல்லையே? மாதாமாதம் இல்லை, உண்மைதான். ஆனால் செலவு இல்லாமலில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு 2022 இல் கூரை ஒழுகத் தொடங்கியது. சொந்தக்கார அக்கா 4 லட்சத்தில் முடியும் என்று நினைத்துக் கழற்றினார். உள்ளே மரமெல்லாம் கறையான். முந்தைய வருடம் 1,000 ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை அப்போது 3,000ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழரை லட்சத்தில் முடிந்தது; சங்கிலியை அடகு வைத்தார். மழைக்காலத்தில் கக்கூஸ் குழி நிரம்பி பவுசர் கூப்பிடுவது, மதில் சரிவது, உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டுகிற சோலை வரி என்று சின்னச் சின்னதாக வேறு. மாதம் 12,000 என்று ஒதுக்கியிருந்தால் எல்லாவற்றையும் சமாளித்திருக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லாதபோது ஒருவரும் ஒதுக்குவதில்லை. நாங்களும் ஒதுக்கியிருக்க மாட்டோம். வட்டி ஏறியிருக்கிற ஒரு வருடத்தில் கூரையும் போனால் எங்கள் வீடு தாங்காது.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த வீடு களனி கங்கையை விட்டுத் தள்ளித்தான் இருந்தது. 2016 மே வெள்ளத்தில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று சந்திக் கடையில் கேட்டோம். வீதி முனை வரை என்று காட்டினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி பெருகியபோது நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். அந்த இரவு முழுக்க ஹெந்தளை ஆட்களுக்குத்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீதிக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் வத்தளையில் காணி பார்க்கிறவர்கள் உறுதியைப் பார்ப்பது போலவே தண்ணீர் வந்த உயரத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சதுப்பு நிலத்தை நிரப்பி விற்கிற துண்டுகளும் அந்தப் பக்கம் உண்டு.

மறுவிற்பனையில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாங்கள் இங்கே வந்து 14 மாதம்தான் ஆகிறது. நிலத்தின் விலை ஏறுவது போல 27 வருடப் பழைய மாடிவீட்டின் விலை ஏறாது என்று மாமா சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். 20 வருடத்துக்குப் பிறகு ஹெந்தளையின் 7 பேர்ச் எங்கள் 860 சதுர அடியை விட அதிகம் பெறலாம். இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கும், பெற்றோரைக் கூடவே வைத்திருக்கிறவர்களுக்கும் காணிவீடுதான் பொருந்தும். கூரைக்கென்று ஒதுக்கி வைக்கிற ஒழுக்கம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும், வெள்ளவத்தையில் வாங்க வருகிறவர்கள் பலரின் காசு லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ வருகிறது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது அவர்கள் கையில் இருந்த காசு ரூபாயில் பெருத்தது. எங்கள் சேமிப்பு சுருங்கியது. நாங்கள் வாங்கும்போது அது எங்களுக்கு எதிராக நின்றது. விற்கும்போது, உறுதி சுத்தமாகவும் லிப்ட் ஓடிக்கொண்டும் இருந்தால், அதுவே உதவக்கூடும்.

எங்கள் கட்டடம் காலி வீதிக்குக் கிழக்கே மூன்றாவது ஒழுங்கை. கடலுக்கு நேரே நிற்கிற கட்டடங்களில் உப்புக் காற்று கம்பியை எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதை நான் உறவினர் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே ஜன்னல் கிறில் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. எங்களுக்கு அவ்வளவில்லை. ஆனால் போன மாதம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணின் அடியில் பூச்சு வெடித்து, உள்ளே கம்பி சிவப்பாகத் தெரிந்தது. பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். இப்போதே செய்தால் சின்ன வேலை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் கட்டணத்தை 13,500 ஆக்கும் தீர்மானம் வருகிறது. நான் ஆதரித்துக் கை உயர்த்தப் போகிறேன். மேல் மாடி ஆன்ரியிடமும் பேசி வைத்திருக்கிறேன்.