சாதாரண ஆட்டோகேட், ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல், ஈபிளான்: பேனல் சர்க்யூட் வரையக் கற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

மோட்டார் கன்ட்ரோல் பேனலுக்கு சர்க்யூட் வரையும் வேலைக்கு வர விரும்பும் டிப்ளமோ, ஐடிஐ மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது என்பதுதான். நான் சில ஆண்டுகள் சாதாரண ஆட்டோகேடில் வரைந்துவிட்டு ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலுக்கு மாறியவன். இன்றும் அதிலேயே வேலை செய்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈபிளானைப் பயிற்சிக்காகவும், பிறர் செய்த திட்டங்களைப் படித்துப் பார்ப்பதற்காகவும் மட்டுமே கையாண்டிருக்கிறேன். க்யூஎலக்ட்ரோடெக் என்ற இன்னொரு சர்க்யூட் மென்பொருளில் சிறிய பேனல்கள் சிலவற்றை வரைந்திருக்கிறேன். அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1982 முதல் சந்தையில் இருக்கும் ஆட்டோகேட் தெரியாத டிராயிங் ஆபீஸ் கிடையாது. ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் அதன்மேல் கட்டப்பட்ட மின்துறைப் பகுதி. 2019 பதிப்பு முதல் முழு ஆட்டோகேட் சந்தாவுக்குள்ளேயே அது கிடைக்கிறது, ஆனால் விலை குறைந்த எல்டி பதிப்பில் கிடையாது. ஜெர்மனியில் உருவான ஈபிளான், எலக்ட்ரிக் பி8 என்ற பெயரில் 2006 முதல் வருகிறது. க்யூஎலக்ட்ரோடெக் முற்றிலும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். ஆட்டோகேடைத் தரும் ஆட்டோடெஸ்க், ஈபிளான் இரண்டு நிறுவனங்களுமே மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகின்றன. ஆகையால் கற்கும் காலத்தில் விலை ஒரு தடையே அல்ல. கோடு போடுவது, குறியீட்டை வைப்பது, தலைப்புக் கட்டத்தை நிரப்புவது ஆகியவற்றில் இந்த நான்கும் ஒன்றை ஒன்று பெரிதாக மிஞ்சவில்லை.

வேறுபாடு தெரிவது வரைபடத்தில் திருத்தம் வரும் நாளில்தான். பேனல் வரைபடம் ஒருமுறை வரைந்து முடிக்கிற பொருள் அன்று. வாடிக்கையாளரின் ஒப்புதலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு திருத்தம், ஒயரிங் நடக்கும்போது ஒரு திருத்தம், ஆலையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும்போது இன்னும் சில, அதன்பின் அந்தப் பேனல் உயிரோடு இருக்கும் காலமெல்லாம் அவ்வப்போது வேறு சில. முதல் வரைவுக்கு ஆகும் நேரத்தை வைத்து மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த நீண்ட பின்வாழ்வைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றும், துறையில் எல்லோருக்கும் பழக்கமான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பக்கத்தில் பவர் சர்க்யூட், நான்காம் பக்கத்தில் கன்ட்ரோல் சர்க்யூட். கே1 மெயின் கான்டாக்டர் (காயிலுக்கு மின்சாரம் வந்தால் காண்டாக்டுகளைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்), கே2 டெல்டா, கே3 ஸ்டார், ஒரு டைமர், மோட்டாரை மிகைச்சுமையிலிருந்து காக்கும் ஓர் ஓவர்லோட் ரிலே. கே1-இன் 13-14 காண்டாக்ட் ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக நின்று காயிலைப் பிடித்துவைக்கிறது. கே2, கே3 இரண்டின் 21-22 காண்டாக்டுகள் ஒன்றன் காயிலுக்கு மற்றது தொடராக நின்று, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காதபடி இன்டர்லாக் செய்கின்றன. ஒயரிங் முடிந்த நிலையில், மோட்டார் ஓடுகிறது என்ற சிக்னல் பிஎல்சிக்கு (இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கணினிக்கு) வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கே1-இல் இன்னொரு துணைக் காண்டாக்ட், இரண்டு டெர்மினல், இரண்டு ஒயர். கேட்பதற்கு மிகச் சிறிய வேலை.

சாதாரண ஆட்டோகேடில் இதைச் செய்வதற்கு, பிஎல்சி பக்கத்தில் காண்டாக்டை வைத்து அதன்மேல் கே1 என்றும், முனைகளில் 23, 24 என்றும் கையால் எழுத வேண்டும். பிறகு நான்காம் பக்கத்துக்குத் திரும்பி, காயிலுக்குக் கீழே உள்ள காண்டாக்ட் அட்டவணையில் புதிய காண்டாக்ட் எந்தப் பக்கத்தில், எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்பதைச் சேர்க்க வேண்டும். டெர்மினல் பக்கத்தில் இரண்டு டெர்மினலை நீட்டி, தனியாக எக்செல்லில் வைத்திருக்கும் ஃபெருல் (ஒயர் முனையில் மாட்டும் எண் வளையம்) பட்டியலில் இரண்டு எண்களைச் சேர்த்து, பொருள் பட்டியலில் துணைக் காண்டாக்ட் பிளாக் ஒன்றையும் கூட்ட வேண்டும். ஒரே திருத்தத்துக்கு ஐந்து இடங்கள், அந்த ஐந்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியவர் வரைபவர் ஒருவரே. ஒன்று விட்டுப்போனாலும் வரைபடம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். பேனல் கதவைத் திறந்து மல்டிமீட்டரோடு உட்காரும் எலக்ட்ரீஷியனுக்குத்தான் அது தெரியவரும். நள்ளிரவு ஷிஃப்டில் லைன் நின்றிருக்கும்போது, பக்கம் 7 என்று சொல்லும் குறிப்பைப் பின்பற்றிப் போய் அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் அதே காண்டாக்டை வைத்தவுடன், இது எந்தக் காயிலைச் சேர்ந்தது என்று மென்பொருள் கேட்கிறது. திட்டத்தில் உள்ள காயில்களின் பட்டியலிலிருந்து கே1-ஐச் சுட்டினால் பெயர் தானாக வந்து அமர்கிறது. கே1-க்கு ஏற்கெனவே கேட்டலாக் எண் கொடுத்திருந்தால், அந்த மாடலில் எத்தனை காண்டாக்டுகள் உண்டு, எந்த முனைகள் பயன்பட்டுவிட்டன என்பதைப் பார்த்து, 13-14 போய்விட்டதால் அடுத்த 23-24-ஐ எடுத்துக் கொடுக்கிறது. மிச்சம் காண்டாக்ட் இல்லையென்றால் எச்சரிக்கிறது. துணை பிளாக் வாங்க வேண்டும் என்பது பேனல் ஆலைக்குப் போன பிறகல்ல, வரைபலகையிலேயே தெரிந்துவிடுகிறது. காயிலுக்குக் கீழே உள்ள குறுக்குக் குறிப்பும் புதுப்பிக்கப்படுகிறது. டெர்மினல் பட்டியல், எங்கிருந்து எங்கு என்ற ஒயர் பட்டியல், பொருள் பட்டியல் மூன்றையும் மறுபடி எடுத்தால் போதும்.

ஒயர் எண் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேனல் ஒயரிங் முடிந்து ஃபெருல்கள் மாட்டப்பட்ட பிறகு, புதிதாக இரண்டு ஒயர் வந்ததற்காகப் பழைய எண்கள் நகர்ந்துவிடக் கூடாது. நகர்ந்தால் பேனலில் உள்ள எண் ஒன்றும், தாளில் உள்ள எண் வேறொன்றும் ஆகிவிடும். ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் பழைய எண்களை நிலையானவை என்று பூட்டிவிட்டு, எண் இல்லாத ஒயர்களுக்கு மட்டும் புதிய எண் கொடுக்கலாம். கற்பவர்கள் முதல் வாரத்திலேயே பழக வேண்டிய கட்டளை இது என்பேன். பயிற்சி மையங்களில் இதைச் சொல்லிக்கொடுக்கக் காண்பது அரிது.

நான் இதன்பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணம், இந்த மென்பொருள் தன் அறிவை எங்கே வைத்திருக்கிறது என்பதைக் கற்பவர் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதாகும். கோப்பு ஆட்டோகேடின் வழக்கமான டிடபிள்யூஜி வடிவம்தான். குறியீடு வழக்கமான பிளாக்தான், அதாவது ஒன்றாகச் சேர்த்துவைத்த கோடுகளின் தொகுப்பு. பெயர், விளக்கம், முனை எண் எல்லாம் அந்த பிளாக்கோடு ஒட்டியிருக்கும் எழுத்துத் தகவல்களான அட்ரிபியூட்டுகள். பிளாக்கின் பெயரிலேயே ஓர் ஒழுங்கு உண்டு. எச்சிஆர்1 என்பதில் எச் என்பது கிடைக் கோட்டில் வைக்கப்படுவது, சிஆர் என்பது கன்ட்ரோல் ரிலே, 1 என்பது தாய்க் குறியீடாகிய காயில். எச்சிஆர்21 என்றால் அதன் சேய்: 2 என்பது சேய், கடைசி 1 என்பது இயல்பில் திறந்திருக்கும் காண்டாக்ட், அந்த இடத்தில் 2 வந்தால் இயல்பில் மூடியிருப்பது. முனையில் ஒயர் வலமிருந்து வருகிறதா, மேலிருந்து வருகிறதா என்பதைக்கூட அட்ரிபியூட் பெயரில் உள்ள ஓர் எண் சொல்லிவிடும். இதைப் புரிந்துகொண்டவர், நூலகத்தில் இல்லாத ஒரு பாகத்துக்குத் தாமே குறியீடு செய்துகொள்ளலாம். அதைவிட முக்கியமாக, வரைபடம் என்பது கோடுகளின் படம் அல்ல, ஒன்றோடொன்று உறவுள்ள தரவு என்ற பாடம் அவருக்கு ஐயமின்றிப் பிடிபட்டுவிடும். பின்னாளில் எந்த மென்பொருளுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

இதே திறந்த அமைப்புதான் இதன் பலவீனமும். கோப்பு டிடபிள்யூஜி என்பதால் யார் வேண்டுமானாலும் சாதாரண ஆட்டோகேடில் திறந்து பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்துவிட, அதாவது உடைத்துவிட முடியும். செய்த கணமே அது வெறும் கோடாகிவிடும். சாதாரண காப்பி கட்டளையால் ஒரு பகுதியை நகலெடுத்தால் ஒரே பெயரில் இரண்டு காயில்கள் பிறந்துவிடும். இவற்றில் பலவற்றை எலக்ட்ரிக்கல் ஆடிட் என்ற சரிபார்ப்புக் கட்டளை கண்டுபிடிக்கிறது. வரைபடத்தை வெளியே அனுப்புமுன் அடையாளமிட்டு வைத்து, திரும்பி வந்ததும் என்னென்ன மாறியிருக்கின்றன என்று சரிபார்க்கும் வசதியும் உண்டு. ஆனாலும் ஒழுக்கம் வரைபவரிடமிருந்துதான் வர வேண்டும், மென்பொருள் கட்டாயப்படுத்தாது. வரைபடங்களோடு திட்டக் கோப்பையும் சேர்த்து அனுப்பாதவர்களிடமிருந்து வேலையை வாங்கித் தொடர்வது கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈபிளான் அந்த ஒழுக்கத்தைக் கட்டாயமாக்குகிறது. அங்கே திட்டம் என்பது ஒரே தரவுத்தளம். பக்கங்கள் அதன் தோற்றங்கள் மட்டுமே. இரண்டு குறியீடுகளின் முனைகள் நேர்க்கோட்டில் வந்தால் இணைப்பு தானாகவே உருவாகிறது; ஒயரைத் தனியாக வரைவது கிடையாது. சமக்குறி செயற்பகுதியையும், கூட்டல்குறி இடத்தையும், கழித்தல்குறி சாதனத்தையும் குறிக்கும் ஐஈசி 81346 என்ற பன்னாட்டுத் தர முறை முதல் பக்கத்திலிருந்தே உள்ளே வந்துவிடுகிறது. ஒரே மாதிரியான நாற்பது மோட்டார் ஃபீடர்கள் உள்ள திட்டத்தில், மேக்ரோவும் (சேமித்துவைத்துத் திரும்பத் திரும்ப வைக்கும் சர்க்யூட் பகுதி) அதில் நிரப்பும் மதிப்புத் தொகுப்புகளும் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் ஈடு கொடுக்காது என்றே எண்ணுகிறேன். ஆண்டுக்கணக்கில் ஈபிளானிலேயே உழைத்தவர்கள் இதை இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். திருத்தத்தைத் தாங்கும் திறன் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், அதுவே முதலிடம் பெறும்.

பிறகு ஏன் அதைக் கற்பவருக்கு முதலில் பரிந்துரைக்கவில்லை? முதல் காண்டாக்டை வைப்பதற்கு முன்பே திட்ட வார்ப்புரு, பக்க அமைப்பு, பாகங்களின் தரவு ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கச் சொல்கிறது. சர்க்யூட்டே இன்னும் கைவராத ஒருவர் இந்த அமைப்பு வேலையில் சிக்கிக்கொள்கிறார். மேலும், வாடிக்கையாளர் கேட்பது டிடபிள்யூஜி எனும்போது ஈபிளானிலிருந்து ஏற்றுமதியாவது கோடுகள்தான். உறவுகள் தரவுத்தளத்திலேயே தங்கிவிடுகின்றன. சிறிய, நடுத்தரப் பேனல் நிறுவனங்களில் நான் பார்த்தவரை இன்னும் டிடபிள்யூஜிதான் பரிமாற்ற நாணயம். ஐரோப்பிய இயந்திர நிறுவனங்களின் இந்தியக் கிளைகளில் நிலைமை வேறு. அங்கே வேலை தேடுபவருக்கு என் வரிசை பொருந்தாது.

க்யூஎலக்ட்ரோடெக்கைச் சிறிய கருவி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தாய்-சேய் உறவும் குறுக்குக் குறிப்பும் அதிலும் உண்டு. கோப்பு எக்ஸ்எம்எல் என்பதால் எந்த உரைத் திருத்தியிலும் திறந்து படிக்கலாம். பழைய மடிக்கணினி மட்டுமே கையில் உள்ள மாணவர் அதில் தொடங்கினால் ஓர் இழப்பும் இல்லை. பெரிய திட்டத்தில் அதை வைத்துப் பார்த்ததில்லை என்பதால் அதற்குமேல் சொல்லத் தயங்குகிறேன்.

ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் தொடங்குபவர் முதல் நாளிலேயே ஐஈசி நூலகத்தையும் மெட்ரிக் வார்ப்புருவையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பயிற்சிக் காணொளிகள் பலவற்றில் வருவது, சர்க்யூட்டை ஏணிப் படிகள்போல் வரையும் அமெரிக்க ஏணி முறை. அதில் பழகிவிட்டு ஐஈசிக்கு வருபவருக்குக் குறியீடுகளும் அளவும் இரண்டுமே மாறிப்போகும். கான்டாக்டரைக் கே என்று எழுதும் பழைய ஜெர்மன் வழக்கமும், மின்சக்தியைத் திறந்து மூடுவதைக் க்யூ என்று எழுதச் சொல்லும் ஐஈசி 81346-2 முறையும் இன்று கலந்தே புழங்குகின்றன. இரண்டையும் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் ஒரு திட்டத்துக்குள் ஒன்றே இருக்க வேண்டும்.

எந்த மென்பொருளும் சர்க்யூட் சரியா என்று சொல்லாது என்பதையும் கற்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். 15 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 28 ஆம்பியர். ஓவர்லோட் ரிலே ஃபேஸ் சர்க்யூட்டில் அமர்ந்திருந்தால் அதன் செட்டிங் அதில் 0.58 பங்கு, அதாவது ஏறத்தாழ 16 ஆம்பியர். ரிலேயைப் பவர் பக்கத்தில் எந்த இடத்தில் வரைந்தாலும் ஆடிட் ஒரு குறையும் சொல்லாது. ஸ்டார், டெல்டா கான்டாக்டர்களுக்கிடையே இன்டர்லாக்கை விட்டுவிட்டாலும் சொல்லாது. அவற்றைத் தாளில் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு காயிலுக்கும் மின்சாரம் போகும் பாதையை விரலால் தொடர்ந்து பார்த்துத்தான் கற்க வேண்டும்.

அந்தப் பென்சில் வேலை கைவந்த பிறகு, அதே ஸ்டார்-டெல்டாவை மென்பொருளில் வரைந்து, எண்களைப் பூட்டி, பட்டியல்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்ன பிஎல்சி சிக்னல், ஓவர்லோடின் 97-98-இலிருந்து ஒரு டிரிப் விளக்கு, தொலைவில் ஒரு ஸ்டாப் பட்டன் என்று மூன்று திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் புதிய பட்டியலைப் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஸ்டாப் பட்டன் வரும்போது ஒரு ஒயர் இரண்டாகப் பிரியும். அதில் எந்தப் பாதி பழைய எண்ணை வைத்துக்கொள்கிறது என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.