சாட்ஸ்வொர்த் வீட்டு நர்சரி: முதல் செடி வாங்குபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க வருபவர்களில் பலருக்கு இந்த நர்சரி தெரிந்திருக்காது. பெயர்ப்பலகை கிடையாது. அங்கே ஒரு சரிவுத் தெருவில், வீட்டின் பின்பக்கம் பச்சை நிழல்வலை கட்டி ஒரு ஆன்ட்டி நடத்துகிறார். வாசலில் கறிவேப்பிலை, துளசி, வெற்றிலைக்கொடி. வீட்டுக்குள் வைக்கிற செடிகள் எல்லாம் வலைக்கு அடியில்.

"எந்தப் பக்கத்து ஜன்னல், தம்பி?" இதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் ஃபிளாட்டில் ஹால் ஜன்னல் தெற்குப் பார்த்தது என்றதும், நான் எடுத்து வைத்திருந்த வெள்ளைக்கோடு போட்ட மணி பிளான்ட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே இவரிடம் போகலாம். சென்னையில் எடுத்த செடி வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே திசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். டர்பனில் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தாழ்வாக வருவதால் வடக்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் நீளும். தெற்கு ஜன்னலுக்கு வெளிச்சம் உண்டு, நேரடி வெயில் பெரும்பாலும் கிடையாது. கோடு போட்ட இலைக்கு அந்த வெளிச்சம் போதாது. நாளாக நாளாகக் கோடு மங்கிப் பச்சையாகிவிடும்.

அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது இஸட் இஸட் பிளான்ட். பளபளப்பைப் பார்த்தால் பிளாஸ்டிக் என்று நினைப்பீர்கள். கென்யா தொடங்கி டர்பன் இருக்கும் நம் குவாசுலு நட்டால் மாகாணம் வரை காட்டில் தானாக வளர்கிற செடிதான். 1996 வாக்கில் நெதர்லாந்து நர்சரிகள் பெருமளவில் பெருக்கிய பிறகு உலகம் முழுக்க ஆபீஸ் மூலைகளில் நிற்கிறது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் அசையாது. இதைக் கொல்ல ஒரே வழி தினமும் தண்ணீர் ஊற்றுவது. டர்பன் கோடையில் காற்றே ஈரமாக இருப்பதால் தொட்டி சீக்கிரம் காயாது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும்.

ஸ்பைடர் பிளான்ட்டும் தென்னாப்பிரிக்கச் செடிதான், விலையும் மலிவு. நீளத் தண்டில் தொங்கும் குட்டிகளைக் கிள்ளி நட்டால் அடுத்த தொட்டி இலவசம். பூனை கடித்தாலும் பயமில்லை. இஸட் இஸட்டை அப்படி விட முடியாது. அதன் சாறு வாயையும் தோலையும் எரிக்கும். குழந்தை தவழும் வீட்டில் உயரத்தில் வைக்கவும்.

எனக்குப் பிடித்தது கிளிவியா. இந்த மாகாணத்துக் காடுகளில் மர நிழலில் வளர்வது, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்கும். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து அப்படியே விட்டால்தான் நன்றாகப் பூக்கும் என்கிறார் ஆன்ட்டி. சோம்பேறிகளுக்கு இதைவிடத் தோதான செடி கிடைக்காது. பால்கனியில் வைத்தால் மட்டும் இலைக்கு அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு மஞ்சள் பட்டை போட்ட புழு வரும், விட்டால் அடிவரை குடைந்துவிடும். இதுவும் நச்சுச் செடி, வாயில் வைக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. எந்தச் செடியிலும் பெயர்ச்சீட்டு இல்லை, கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சின்னத் தொட்டிகளில் களிமண் அதிகம். வீட்டுக்குக் கொண்டுபோனதும் கொஞ்சம் மணலும் மட்கிய பட்டைத்தூளும் கலந்து மாற்றிவிடுங்கள். பீங்கான் தொட்டி இவரிடம் வாங்காதீர்கள். விலை அதிகம், அடியில் ஓட்டையும் இல்லை. செடி விஷயத்தில் இவ்வளவு கறாரான மனுஷி இதை ஏன் விற்கிறார் என்று புரியவில்லை.

கார்டு வாங்க மாட்டார், ரொக்கம்தான். சனிக்கிழமை காலையில் மார்க்கெட் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுங்கள். அப்புறம் அந்தச் சரிவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.