டெல்லி மாதிரி கூட்டா, சென்னை மாதிரி எல்லையை விரிச்சா?

தலைநகரைச் சுத்தி தொழில் வளரணும்னா ரெண்டு வழி இருக்கு. சென்னைல 2022ல சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904க்கு விரிச்சாங்க, அரக்கோணம் வரைக்கும் ஒரே பிளானுக்குள்ள வந்துடும், ஒரே மாநிலம்ங்கறதால முடிவு எடுக்கறது ஈஸி.

டெல்லில அது முடியாது. குர்கான் ஹரியானா, நொய்டா உ.பி. அதனால 1985ல சட்டம் போட்டு என்சிஆர் (டெல்லியும் சுத்தி இருக்கற மாநிலப் பகுதிகளும் சேர்ந்த தேசிய தலைநகர் பகுதி) பிளானிங் போர்டு வச்சாங்க. போர்டு மட்டும் இருந்தா போதாதுங்க, காசும் பங்கு போடணும், அதைத்தான் டெல்லியையும் பக்கத்து ஊர்களையும் இணைக்கற நமோ பாரத் வேக ரயில் கம்பெனில செஞ்சாங்க: மத்திய அரசுக்கு 50 சதவீதம், டெல்லி, ஹரியானா, உ.பி., ராஜஸ்தான் ஆளுக்கு 12.5. டெல்லி-மீரட் 82 கிலோமீட்டர் லைன் அப்படி வந்ததுதான். மெதுவாதான் நடந்துச்சு, ஆனா மாநில எல்லையைத் தாண்டுச்சு.

எனக்கு இதுதான் முக்கியமா படுது. காலைல கும்மிடிப்பூண்டி ரோட்டுல நின்னு பாருங்க, கம்பெனி பஸ்ஸெல்லாம் தடா, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை பக்கம் போகும், அது ஆந்திரா. சிஎம்டிஏ கோட்டை எவ்ளோ இழுத்தாலும் அங்க போகாது. தெற்கே ஒரகடத்துக்கு சென்னை வழி சரி, வடக்கே மட்டும் ஆந்திராவோட உக்காந்து டெல்லி மாதிரி ஒரு கூட்டு கம்பெனி போட்டே ஆகணும்.