மூன்று கம்பி, நான்கு பெடல், மூன்று வருடம்

போன வாரம் என் சுருட்டுப் பெட்டி கிட்டாரின் (காலிச் சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டிச் செய்வது) மூடியைக் கழற்றி, அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ டிஸ்க்கை மாற்றினேன். சால்டர் வைத்த இடத்தில் ஒயர் விட்டுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர் கேட்டார்: "நானும் ஒன்று செய்துவிட்டேன், சத்தம் கொசு மாதிரி இருக்கிறது. எந்த ஆக்டேவ் பெடல் வாங்கலாம்?" பெடல் என்றால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டி சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி; ஆக்டேவ் பெடல் வாசிக்கிற சுரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே உள்ளதையும் சேர்த்துத் தரும். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது.

என்னுடையது எல்லோரும் செய்கிற மாதிரிதான். மூன்று கம்பிக்கு ஜி-டி-ஜி ட்யூனிங், மூடிக்கு அடியில் 27 மில்லிமீட்டர் டிஸ்க், கையில் கம்பி மேல் வழுக்கி வாசிக்கும் குழாயான ஸ்லைடு. நேராக ஆம்பில் செருகினால் தகரத்தைத் தட்டுகிற ஓசை. அதைக் கனமாக்கத்தான் பெடல் வாங்க ஆரம்பித்தேன்.

நண்பரைப் போலவே நானும் முதலில் ஆக்டேவ்தான் வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் பின்தொடரும் அனலாக் வகை. அடிக் கம்பியைத் தனியாக மீட்டினால் நிஜமாகவே பிரமாதம். ஆனால் இந்தக் கிட்டாரில் யார் ஒற்றைக் கம்பியை வாசிக்கிறார்கள்? மூன்றையும் சேர்த்து இழுத்தால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தொண்டை கட்டியவன் போலக் கரகரக்கும். கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதை, புரிந்துகொள்ளும் டிஜிட்டல் ஆக்டேவ்கள் இருக்கின்றன. அதை வாங்கத்தான் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன், சத்தத்தைக் கசக்கிக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் குறுக்கே வந்தது.

ஃபஸ் வந்த முதல் நாள் அதைத் தூக்கி எறியத் தோன்றியது. 1960-களின் இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட் அது. கனம் கூடுவதற்குப் பதில் இருந்த அடிச்சுரமும் போய்விட்டது. பெடல் மேல் குற்றமில்லை என்று புரிய இரண்டு மாதம் ஆனது. பீசோ டிஸ்க் ஒரு சின்ன கெப்பாசிட்டர், சுமார் 20 நானோஃபாரட். ஆம்பின் உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம், அதில் டிஸ்க்குக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் இந்த வகை ஃபஸ்ஸின் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு. 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டாலே கணக்குப்படி 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். என் மூன்று கம்பிகளும் திறந்த நிலையில் 200 ஹெர்ட்ஸைக்கூடத் தொடுவதில்லை. அப்புறம் எங்கிருந்து கனம் வரும்? சும்மா கிடந்த ட்யூனர் பெடலை முன்னால் மாட்டினேன். அதற்குள் பஃபர் இருக்கிறது: டிஸ்க்குக்கு அதிக மின்தடையைக் காட்டி, ஃபஸ்ஸிடமிருந்து அதைக் காப்பாற்றும் சர்க்யூட். (அணைத்திருக்கும்போது சிக்னலை நேராக ஒயர் வழியே விட்டுவிடும் ட்ரூ பைபாஸ் ட்யூனர் என்றால் இந்த வேலை நடக்காது, பார்த்து வாங்குங்கள்.)

பிறகு நடந்ததை இன்றைக்கும் ரசிக்கிறேன். அடிக் கம்பி 98 ஹெர்ட்ஸ், நடுக் கம்பி 147, மேல் கம்பி 196. ஃபஸ் இவற்றைக் கசக்கும்போது கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசமும் ஒரு சுரமாகக் கேட்கும். 147-இல் 98 போனால் 49. 196-இல் 147 போனாலும் 49. அதாவது அடிக் கம்பிக்கும் ஒரு ஆக்டேவ் கீழே, யாருமே வாசிக்காத ஒரு ஜி! ஸ்லைடை எங்கே நகர்த்தினாலும் அது கூடவே வருகிறது. ஆறு கம்பிக் கிட்டாரில் முழு கார்டுக்கு ஃபஸ் போட்டால் நடுவில் இருக்கும் மூன்றாம் சுரம் எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். இங்கே அந்தச் சுரமே இல்லை. கம்பி குறைவாக இருப்பதே லாபம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ட்யூனர் சரி என்று பச்சை விளக்குக் காட்டினாலும் அந்த அடிச்சுரம் மெதுவாக அலையடிக்கும். ட்யூனர் பின்பற்றும் சமநிலைப் பிரிப்பில் (ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுவது) ஐந்தாம் சுரம், இங்கே டி, இயற்கையானதைவிட இரண்டு சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் இரண்டு பங்கு) தாழ்வு, அதனால் இரண்டு வித்தியாசங்களும் ஒன்றாகப் பொருந்துவதில்லை. டி கம்பியைக் காதால் கேட்டுத் துளி ஏற்றினால் அலை நின்றுவிடும். ஆக, மூன்று வருடமாக என் ட்யூனர் பெடல் ட்யூனிங் தவிர மற்ற எல்லா வேலையையும் செய்கிறது.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். மூடி. மூடிதான். பீசோவுக்குக் கம்பியும் ஒன்றுதான், சட்டைக் கையும் ஒன்றுதான். மணிக்கட்டு மூடியில் பட்டால் ஆம்பில் கதவைத் தட்டுகிற சத்தம். ஃபஸ் அதைப் பெரிதாக்குகிறது. கார்வை நீளட்டும் என்று வாங்கிய, சின்ன சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் சமமாக்கும் கம்ப்ரஸர், நான் வாசிக்காத நேரத்தில் பெட்டியின் ஒவ்வொரு உரசலையும் தேடிப்பிடித்துத் தூக்கிக் கொடுக்கிறது. ஆம்புக்கு நேரே நின்றால் மூடியே அதிர்ந்து ஊளையிடும், பக்கவாட்டில் திரும்பி நின்றுதான் வாசிக்க வேண்டும். புது டிஸ்க்கை இரண்டு கார்க் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, பிரிட்ஜிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கிறேன். தட்டுச் சத்தம் பாதியாகிவிட்டது. கம்பியின் பளிச்சென்ற முனையும் கொஞ்சம் மழுங்கிவிட்டது, அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கொசுவும் அதோடு போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே செய்திருந்தால் எத்தனை பெடல் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

நான்காவது பெடலான டிலே (எதிரொலி தருவது) பற்றிச் சொல்ல அதிகமில்லை. 100 மில்லி விநாடியில் ஒரே ஒரு எதிரொலி, நன்றாக இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: ஆக்டேவ் வேண்டாம். மூடியைக் கழற்றி டிஸ்க்கை நகர்த்திப் பாருங்கள். இன்றைய கோபத்தில் ஃபஸ்ஸும் வேண்டாம் என்பேன். நேற்று ராத்திரி நல்ல இடத்தில் மணிக்கட்டு பட்டு, பதிவு செய்துகொண்டிருந்த துண்டு மொத்தமும் பாழ். ஆனால் என் ஃபஸ்ஸை யாரும் கேட்டுவிடாதீர்கள், தர மாட்டேன். கம்ப்ரஸர் வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.