உப்புவெளிக் கதை வகுப்பில் ட்ரோய் இளவரசன் ஹெலெனஸ்

திருகோணமலை உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் பழங்கதை வகுப்பொன்றை நடத்தி வருகிறார். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் பயிலும் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இவ்வகுப்பில் இப்போது பெற்றோரும் வந்து அமர்கின்றனர்; கட்டணம் ஓர் அமர்வுக்கு 300 ரூபாய்.

கிரேக்கர் முற்றுகையிட்டு வீழ்த்திய ட்ரோய் நகரின் கதையைச் சொல்பவர்கள் ட்ரோய் வீரன் ஹெக்டரோடும் கிரேக்க வீரன் அக்கிலீஸோடும் நின்றுவிடுவதே வழக்கம். இவரோ ட்ரோயின் பிரியாம் மன்னனின் மகனும் கசாண்ட்ராவின் இரட்டைச் சகோதரனும் வருவதுரைப்பவனுமான ஹெலெனஸுக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கினார். ஹோமரின் இலியட் காவியத்தின் ஆறாம் காண்டத்தில், தாயைக் கொண்டு அதீனா தெய்வத்துக்கு ஆடை சாத்தி வேண்டச் செய்யும்படி ஹெக்டரைப் போர்க்களத்திலிருந்து நகருக்குள் அனுப்புபவன் ஹெலெனஸே. ஹெக்டர் தன் மனைவி அந்த்ரோமாகியையும் குழந்தையையும் சந்திக்கும் புகழ்பெற்ற காட்சி இவன் சொல்லால்தான் நேர்கிறது என்பதை ஆசிரியை எடுத்துக்காட்டிய விதம், பலமுறை படித்த பகுதியையே புதிதாக்கியது. கசாண்ட்ராவின் வாக்கை எவரும் நம்பவில்லை. ஹெலெனஸின் வாக்கையோ சொந்த ஊராரும் நம்பினர், பகைவரும் நம்பினர்.

இராவணன் வெட்டு உள்ள ஊரில் இக்கதையைக் கேட்பவருக்கு வீடணன் நினைவுக்கு வராமல் இரான். “ரீச்சர், இவரும் வீடணன் மாதிரித்தானே?” என்று ஒரு மாணவி கேட்டாள். வீடணன் தன் அறிவுரை மறுக்கப்பட்டபின் தானாகவே இராமனிடம் சென்றவன், கி.மு. 409 இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் சொபோக்கிளீஸின் நாடகத்திலோ ஹெலெனஸ் இரவில் கிரேக்க வீரன் ஒடிசியஸிடம் சிறைப்பட்டவன். போருக்குக் காரணமான ஹெலனைக் கவர்ந்து வந்த தன் சகோதரன் பாரிஸ் இறந்தபின் அவள் தனக்குக் கிடைக்காத மனக்கசப்பில் ஐடா மலைக்கு ஒதுங்கியவன் என்று வேறொரு மரபு கூறும். மாவீரன் ஹெராக்கிளீஸின் வில்லுடன் கிரேக்க வில்லாளி பிலொக்டீடிஸ் வராமல் ட்ரோய் வீழாது என்ற இரகசியம் அவன் வாயிலிருந்தே கிரேக்கருக்குக் கிடைத்தது. இவ்வளவையும் அடுக்கியபின், துரோகியா இல்லையா என்ற தீர்ப்பை ஆசிரியை தாம் வழங்காமல் மாணவர்களை வாதிடவிட்டார். இந்த வகுப்பின் உண்மையான தரம் அங்கேதான் தெரிந்தது.

குறையும் உண்டு. உரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தின் மூன்றாம் காண்டத்தை இறுதிக் கால் மணி நேரத்துக்குள் முடித்தது எனக்கு வருத்தமே. அங்கு ஹெலெனஸ் அந்த்ரோமாகியை மணந்து, பூத்ரோட்டத்தில் ட்ரோயைப் போலவே ஒரு சிறு நகரை எழுப்பி, வறண்ட ஓடை ஒன்றுக்குச் சாந்தஸ் என்று ஊர் ஆற்றின் பெயரையே இட்டு அரசாள்கிறான். ட்ரோயிலிருந்து அகதியாக வந்து சேரும் காவிய நாயகன் ஈனியஸுக்கு, சிசிலியைச் சுற்றிப் போகும்படி கடல்வழியும் சொல்லி அனுப்புகிறான். 2006 இல் போரினால் சம்பூரை விட்டு வெளியேறி ஆண்டுக்கணக்காக முகாம்களில் இருந்தவர்கள் வாழும் மாவட்டத்தில், இந்தப் பகுதி நின்று நிதானமாகக் கேட்கப்பட வேண்டியதாகும். வழிகளை விளக்க ஒரு வரைபடம் கூட இல்லாதது மாணவர்களைத் தடுமாற வைத்தது.

அவனது பெயர் நிலைத்ததைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொன்னார்: அந்தப் பூத்ரோட்டத்தின் இடிபாடுகள் அல்பேனியாவில் 1992 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன, வியாழனின் பாதையில் செல்லும் சிறுகோள் ஒன்று, 1872 ஹெலெனோஸ், அவன் பெயரையே தாங்குகிறது.

உயர்தர மாணவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். ஈனியட் பகுதியைத் தனி அமர்வாக நடத்தும்படி கேட்டிருக்கிறோம், ஆசிரியையும் இசைந்திருக்கிறார். வருபவர்கள் மத்தியதரைக் கடலின் வரைபடம் ஒன்றைக் கையோடு கொண்டு செல்வது நல்லது.