றங்குப் பெட்டியில் இருப்பதை எங்கே வைப்பது?

1995 ஒக்டோபர் யாழ்ப்பாணப் போர் இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் சாவகச்சேரி வரை போய்த் திரும்பிய பெட்டி அது. சென்ற மாதம் திறந்தபோது சில அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் சிறு நூல்கள்), ஒரு கோயில் சிறப்பு மலர், ஒரு கட்டுக் கடிதங்கள் இருந்தன. 1952ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றில் கம்பி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றிருந்தது. வம்சாவளிப் பக்கத்தில், அம்மம்மாவின் தாயார் பெயருக்குக் கீழே, அச்சில் விடுபட்ட ஒரு பிள்ளையின் பெயரை யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர் வேறெங்கும் இல்லை. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரில், ஒற்றைப் பிரதியின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஸ்கான் செய்தேன். அடுத்த கேள்வி, எங்கே வைப்பது என்பது.

கூகுள் டிரைவ் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 15 ஜிபி வரை இலவசம். ஆனால் அது ஒருவரின் கணக்கு, ஊரின் சேகரம் அன்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழித்து வருகிறது. உரியவர் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996இல் தொடங்கிய இலாப நோக்கற்ற நிறுவனம். எவரும் பதிவேற்றலாம், எவரும் வாசிக்கலாம். எனினும் 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலால் பல நாள்கள் முடங்கிக் கிடந்தது. பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் தோற்று, 5 இலட்சம் நூல்களுக்கு மேல் இரவலில் இருந்து நீக்கவும் நேர்ந்தது. அங்கே பிரதி ஒன்று இருக்கட்டும். ஒரே பிரதி அங்கே இருக்கக் கூடாது.

2005 முதல் இயங்கும், ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து இணையத்தில் வைக்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தையே நான் முதலில் வைப்பேன். கல்வெட்டு என்றால் என்னவென்று அங்கே எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நினைவு மலர் என்றே தனி வகை வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் உண்டு. பல சஞ்சிகைகளுக்கு உள்ளடக்கத்தையே தட்டச்சுச் செய்திருக்கிறார்கள். தலைப்பும் ஆண்டும் தமிழில் ஒழுங்காகப் பதியப்படாத கோப்பு, கறையான் அரித்த ஏட்டைப் போன்றதுதான்: இருக்கும், கிடைக்காது. இந்த ஒரு வேலைக்காகவே நூலகத்துக்கு என் வாக்கு. அது நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நிற்கிறது என்பதுதான் என் கவலை. அங்கே ஆவணம் கொடுப்பவர்கள் கொஞ்சம் பணமும் கொடுக்க வேண்டும்.

பதிப்புரிமையையும் பார்த்தேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். கோயில் மலரில் எழுதியவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்வெட்டு, அன்றைக்கே ஊருக்குப் பகிர்ந்தளித்த அச்சு, திறந்து வைக்கலாம். ஆனால் அண்மைக்காலக் கல்வெட்டுகளில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் ஊரும் உறவும் வரிசையாக இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் எங்கும் ஏற்றமாட்டேன்.

கடிதங்கள் முற்றிலும் வேறு. பெரிய மாமா கப்பலில் இருந்து எழுதியவை மாமிக்கு மட்டுமே உரியவை. அவற்றுக்குப் பூட்டிய டிரைவ்தான் சரி. கணக்கு செயலற்றுப்போனால் கோப்புகள் என் தங்கைக்குச் சேரும்படி அமைப்பில் அவள் மின்னஞ்சலைப் பதிந்து வைத்துவிட்டேன். இன்னொரு பிரதியை வெளி வன்தட்டில் எழுதி அவளுடைய வவுனியா வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.